மிக்-31இன் மூக்குக்குள்ளே

போர் விமானம்னா எல்லாரும் வேகத்தைப் பத்தியே பேசுறாங்க. எனக்கு மூக்குக்குள்ள இருக்கிற ராடார்தான் பெருசு.

1981ல சோவியத் படைக்கு வந்த மிக்-31ஓட ஸாஸ்லோன் ராடாரை எடுத்துக்குங்க. ஒரு மீட்டருக்கு மேல விட்டமுள்ள ஆன்டெனா. அந்தக் காலத்து மத்த விமானங்கள்ல ஆன்டெனாவே இப்படியும் அப்படியும் திரும்பி வானத்தைத் துழாவும். இது அசையவே அசையாது! நூத்துக்கணக்கான சின்னச் சின்ன உறுப்புகள்ல அலையோட கட்டத்தை, அதாவது அலை ஏறி இறங்குற தருணத்தை, கொஞ்சம் முன்னே பின்னே மாத்தி, கதிரை மட்டும் கண்ணிமைக்கிறதுக்குள்ள திருப்பிடும். போர் விமானத்துல இந்த முறை வந்தது அதுதான் முதல் தடவை. 10 இலக்குகளைத் தொடர்ந்துகிட்டே அதுல 4 இலக்குகளை நோக்கி ஏவுகணை விடலாம்.

கஷ்டமே கீழே பார்க்கிறதுலதான். தாழப் பறக்கிற க்ரூஸ் ஏவுகணை, தரையிலிருந்து திரும்பி வர்ற எதிரொலிக்குள்ள மறைஞ்சிடும். நகர்ற பொருள்ல பட்டுத் திரும்புற அலையோட அதிர்வெண் மாறும், இதுதான் டாப்ளர் விளைவு; அந்த வித்தியாசத்தை வச்சுத்தான் அதைப் பிரிச்செடுக்கணும். இதையெல்லாம் கவனிக்கவே பின் சீட்ல தனியா ஓர் அதிகாரி.