எதிர்வீட்டு அக்காதான் ஈடு

பட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு கூட்டுறவுக் கடன் சங்கத்தில், நகைக்கடன் பிரிவில் வேலை பார்க்கிறேன். திங்கட்கிழமைகளில் எங்களிடம் பெண்கள் கூட்டம் கூடுதல். பெரிய நகை எதுவும் வராது. ஒரு ஜோடித் தோடு, பிள்ளைக்குப் போட்ட அரைப் பவுன் மோதிரம், அறுந்துபோன சங்கிலித் துண்டு. என்ன அவசரம் என்று நான் கேட்பதில்லை. மறுநாள் காலையில், ஈடு வாங்காமல் பெண்களுக்குச் சிறு கடன் கொடுக்கும் நுண்கடன் நிறுவனத்தின் குழுக் கூட்டம், தவணை கட்ட வேண்டும்.

40,000 ரூபாய் குழுக் கடன், 24 சதவீத வட்டி, இரண்டு வருஷம், இரண்டு வாரத்துக்கு ஒரு தவணை என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு தடவையும் 970 ரூபாய் அளவில் கட்ட வேண்டும். தவணை தவறினால், தவறிய தொகைக்கு மட்டும்தான் அபராதம் போடலாம், மொத்தக் கடனுக்கும் போடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி விதியே இருக்கிறது. அதாவது, ரூபாய்க் கணக்கில் பார்த்தால் சில நாள் பிந்துவதால் பெரிய நஷ்டம் இல்லை. அந்தச் சில நாளுக்காக ஒருத்தி காதில் கிடப்பதைக் கழற்றுகிறாள் என்றால், அது நிறுவனத்துக்குப் பயந்து இல்லை. கூட்டத்தில் பக்கத்தில் உட்காரப்போகும் நாலு பேருக்காக.

குழுக் கடனுக்கு நகை வேண்டாம், பத்திரம் வேண்டாம், ஜாமீனுக்கு அரசு ஊழியர் கையெழுத்து வேண்டாம். ஒரே தெருவில் ஐந்து பேர் சேர்ந்தால் போதும். ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நாலு பேரும் சேர்ந்து கட்ட வேண்டும். இந்த ஏற்பாடு நம் ஊருக்கு வங்கதேசத்திலிருந்து வந்தது. 1976-இல் சிட்டகாங் பக்கம் ஜோப்ரா என்ற கிராமத்தில் முகம்மது யூனுஸ் தொடங்கிய வேலை 1983-இல் கிராமீன் வங்கியானது. 2006-இல் அவருக்கும் வங்கிக்கும் சேர்த்து நோபல் அமைதிப் பரிசு கொடுத்தார்கள். அங்கே ஆரம்பத்தில் ஐந்து பேரில் இரண்டு பேருக்கு முதலில் கடன், அவர்கள் ஒழுங்காகக் கட்டினால் அடுத்த இரண்டு பேருக்கு, தலைவிக்குக் கடைசியில். முதலில் வாங்கியவள் தவறினால் பின்னால் நிற்பவளுக்குக் கிடைக்காது. எனவே அவளே போய்க் கேட்பாள். வங்கி ஆள் வைத்துச் செய்ய வேண்டிய விசாரிப்பு, கண்காணிப்பு, வசூல் மூன்றையும் தெரு சம்பளமில்லாமல் செய்து கொடுக்கிறது.

இதனால் நன்மையே இல்லை என்று நான் சொல்லவில்லை. எங்கள் பகுதியில் நூற்றுக்குப் பத்து ரூபாய் மாத வட்டி வாங்கியவர்களிடமிருந்து பெண்களை மீட்டதில் குழுவுக்குப் பங்கு உண்டு. என் அம்மா பல வருஷம் ஒரு குழுவுக்குத் தலைவியாக இருந்தார். எங்கள் வீட்டு முன் கூரைக்குக் கீழேதான் கூட்டம். பாயை விரிப்பது, அட்டைகளை வாங்கி அடுக்குவது, வராதவர் வீட்டுக்குப் பையனை அனுப்புவது எல்லாம் அம்மா வேலை. அதற்காக ஒரு பைசா கூலி வாங்கியதில்லை. ஊரில் ஒரு மரியாதை, அவ்வளவுதான். அந்த மரியாதைதான் பிறகு அவரைக் கட்டிப்போட்டது.

அம்மா எடுத்த கடன்களில் எல்லாமே அவருக்காக எடுத்தவை இல்லை. ஐந்தாவது ஆள் கிடைக்காமல் ஒரு குழு நிற்கும். "நீ ஒருத்தி சேர்ந்தா எங்க எல்லாருக்கும் கிடைக்கும் அத்தாச்சி" என்பார்கள். தேவையில்லாத கடனுக்கு அப்படித்தான் கையெழுத்து விழும். அப்புறம் பேர் கொடுப்பது. ஏற்கெனவே வேறு நிறுவனங்களில் வாங்கக்கூடிய அளவுக்கு வாங்கிவிட்டவர்களுக்கு மறுபடி கடன் கிடைக்காது. சொந்தத்தில் ஒருத்தி வந்து, "உன் பேர்ல எடுத்துக் கொடு, தவணையை நான் கட்டுறேன்" என்று கேட்பாள். முடியாது என்று சொல்ல அம்மாவால் முடிந்ததில்லை. அந்த வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் பெண் கொடுத்து எடுத்த உறவு. நாளைக்கு ஒரு காதுகுத்துக்கு, ஒரு சாவுக்கு அவர்கள் வாசலில் போய் நிற்க வேண்டும். ஆகவே பணம் ஒரு வீட்டுக்கும் கடன் இன்னொரு வீட்டுக்கும் போகும். நிறுவனத்தின் ஏட்டில் "பால் மாடு வாங்க" என்று எழுதியிருக்கும். சுற்று வட்டாரத்தில் எந்தத் தெருவில் கேட்டாலும் இப்படி இரண்டு கதையாவது கிடைக்கும்.

எங்கள் வடக்கு வீட்டு அக்கா ஒரு நாள் பிள்ளைகளோடு திருப்பூருக்குப் போய்விட்டார். வீட்டைப் பூட்டியதுகூடக் காலையில்தான் தெரிந்தது. மூன்று குழுக்களில் அவர் பேர் இருந்தது. ஒவ்வொரு குழுவிலும் மற்ற நாலு பேரும் சேர்ந்து அவர் தவணையைக் கட்டினார்கள். இரண்டு தடவை கட்டினார்கள், மூன்றாம் தடவை சண்டை வந்தது. அவர் எப்படிப்பட்டவர், புருஷன் எவ்வளவு குடித்தார், எந்தப் புடவை எப்போது வாங்கினார் என்றெல்லாம் அந்தப் பாயில் உட்கார்ந்து பேசினார்கள். அவர் பிரசவத்துக்கு வெந்நீர் போட்டவர்கள் அவர்கள். நிறுவனத்துக்குக் கடைசியில் பணம் வந்து சேர்ந்தது. அந்த அக்கா தன் மாமியார் சாவுக்குக்கூட ஊருக்கு வரவில்லை. வசூல் சதவீதத்தை அச்சடித்துப் பெருமைப்படுகிறவர்கள் இதை எந்தக் கட்டத்தில் எழுதுவார்கள் என்று எனக்குக் கோபமாக வருகிறது.

இந்த அழுத்தம் வசூலோடு நிற்பதில்லை. என்ன தொழில் செய்வது என்பதையும் அதுவே முடிவு செய்கிறது. கடன் வாங்கிய இரண்டாவது வாரமே தவணை தொடங்கினால், இரண்டாவது வாரமே காசு தரும் வேலைதான் வேண்டும். கிடாரிக் கன்று வாங்கினால் பால் வர வருஷக்கணக்கு ஆகும். தையல் எந்திரம் வாங்கிக் கை பழகி நாலு வாடிக்கை பிடிக்க மாதங்கள் ஆகும். எனவே புடவையை மொத்தமாக எடுத்துத் தெருவில் தவணைக்கு விற்பது, இட்லி மாவு அரைப்பது என்று எல்லாரும் ஒரே வேலைக்குப் போய், ஒருவர் வியாபாரத்தை இன்னொருவர் கெடுத்துக்கொள்கிறார்கள். இல்லாவிட்டால் அந்தப் பணத்தில் ஒரு பகுதியை அப்படியே எடுத்து வைத்து, அதிலிருந்தே முதல் தவணைகளைக் கட்டுகிறார்கள்.

கொல்கத்தாவில் இதை ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். எரிக்கா ஃபீல்ட், ரோஹிணி பாண்டே முதலிய பொருளியல் அறிஞர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வு. ஒரு பகுதியினருக்கு வழக்கம்போல இரண்டு வாரத்தில் தவணை தொடங்கியது, இன்னொரு பகுதியினருக்கு இரண்டு மாதம் கழித்து. இரண்டு மாதம் அவகாசம் பெற்றவர்கள் தொழிலில் அதிகம் போட்டார்கள். சில வருஷம் கழித்துப் பார்த்தபோது அவர்களுக்கு லாபமும் கூடுதலாக இருந்தது. ஆனால் கடன் தவறியவர்களும் அவர்களில்தான் அதிகம். துணிந்து தொழில் செய்தால் சிலர் தோற்பார்கள், அது இயல்பு. ஆனால் தோற்றால் எதிர்வீட்டு அக்கா கட்ட வேண்டும் என்ற நிலையில் எந்தப் பெண் துணிவாள்?

வசூலுக்கு வரும் பையனைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரும்பாலும் வேறு மாவட்டத்துப் பையன். ஊர்க்காரர்களோடு ஒட்டிவிடக் கூடாது என்று சொந்த ஊரில் போட மாட்டார்கள், ஒரே இடத்தில் நெடுநாள் வைக்கவும் மாட்டார்கள். இருபத்து மூன்று, இருபத்து நாலு வயது இருக்கும். பெண்கள் அவனைச் சார் என்பார்கள், அவன் எல்லாரையும் அக்கா என்பான். எங்கள் திண்ணையில் ஒருவன் இரவு எட்டரை வரை உட்கார்ந்திருந்தான். "அக்கா, இன்னிக்கு வசூல் முழுசா கணக்குல ஏறலேன்னா மேனேஜர் என்னைக் கிளம்ப விடமாட்டார். கொறையுறதை நான் கையிலிருந்து போடணும்" என்றான். அம்மா அவனுக்குச் சோறு போட்டு, மளிகைக்கு வைத்திருந்த பணத்தை எடுத்துக் கொடுத்தார். அடுத்தவர் தவணைக்கு! பயத்தில் கொடுத்த பணம் இல்லை அது, ஒரு தாயின் மனசிலிருந்து வந்தது. அந்த மனசையும் இந்த ஏற்பாடு வசூலுக்குப் பயன்படுத்திக்கொள்கிறது.

2022-இல் ரிசர்வ் வங்கி நுண்கடன் விதிகளை மாற்றியது. காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போ வசூலுக்காகக் கடன் வாங்கியவரைக் கூப்பிடக் கூடாது. உறவினரையும் நண்பரையும் தொந்தரவு செய்யக் கூடாது. ஒரு குடும்பத்தின் மாதத் தவணைகள் எல்லாம் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. வலுக்கட்டாய வசூலைத் தடுக்க 2025-இல் தமிழ்நாடு சட்டமன்றமும் ஒரு சட்டம் கொண்டுவந்தது. இவற்றை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். ஆனால் ஆறு மணிக்கு மேல் வருவது அந்தப் பையன் இல்லை என்றால்? கூடப் படித்தவள், தம்பி மனைவி, எதிர்வீட்டு அக்கா என்றால்? அவர்கள் வசூல் முகவர் இல்லை. அவர்களுக்கு எந்த விதியும் பொருந்தாது.

கஜா புயல் அடித்த 2018 நவம்பரில் இது அப்பட்டமாகத் தெரிந்தது. பேராவூரணி, பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு பக்கம் தென்னை மொத்தமாகச் சாய்ந்து கிடந்தது. புதிதாக வைத்தால் காய்க்க ஐந்தாறு வருஷம். கூரைக்குத் தார்ப்பாய் கிடைக்கும் முன்பே தவணை கேட்டு வந்தார்கள். ஒருவருக்கும் வருமானம் இல்லாதபோது கூட்டுப் பொறுப்புக்கு என்ன அர்த்தம்? புருஷன் சிங்கப்பூரில் இருக்கும் இரண்டு பெண்களைப் பார்த்து, "நீங்க போடுங்க, உங்களுக்குத்தான் வருதே" என்றார்கள். போட்டார்கள். அதற்குப் பிறகு அந்த இருவரும் எந்தக் குழுவிலும் சேரவில்லை. தெருவில் கொஞ்சம் வசதி உள்ளவர்கள் விலகிக்கொள்ள, முடியாதவர்கள் மட்டும் ஒருவருக்கொருவர் ஜாமீனாக மிஞ்சினார்கள்.

கூட்டுப் பொறுப்பை எடுத்துவிட்டால் யாருமே கட்ட மாட்டார்கள் என்று நிறுவனத்தார் சொல்வது வழக்கம். பிலிப்பைன்ஸில் ஒரு வங்கி கூட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டு, கூட்டுப் பொறுப்பை மட்டும் எடுத்துப் பார்த்தது. சேவியர் ஜீனே, டீன் கார்லன் என்ற இரு பொருளியல் அறிஞர்கள் அதைக் கணக்கெடுத்தார்கள். கடன் தவறுவது கூடவில்லை. கிராமீன் வங்கியே 2000-க்குப் பிறகு, ஒருவர் கடனுக்கு மற்றவர் பொறுப்பில்லை என்று மாறிவிட்டது. அவரவர் கடனை அவரவர் கட்டுவது என்றாலும் நம் பெண்கள் கட்டத்தான் செய்வார்கள். தோட்டைக் கொண்டுவந்து மேசையில் வைப்பவர்களை வாரந்தோறும் பார்க்கிற நான் சொல்கிறேன்.

அம்மா தலைவி பொறுப்பை விட்டுவிட்டார். இப்போது தெருவில் ஒரு சேமிப்புக் குழுவில் இருக்கிறார், 1989-இல் தர்மபுரியில் தொடங்கிய சுய உதவிக் குழுக்களின் வழியில் வந்தது. முதலில் சேமிப்பு, பிறகு அந்தப் பணத்திலிருந்தே கடன். வட்டி குழுவுக்கே வருகிறது. கட்ட முடியாதவர் பேரைக் கூட்டத்தில் வாசிப்பதில்லை என்று தீர்மானம் எழுதி வைத்திருக்கிறார்கள். செயலாளரும் பொருளாளரும் வீட்டுக்குப் போய்த் தனியாகப் பேசுவார்கள். அங்கேயும் மனத்தாங்கல் உண்டு, ஒருத்தர் கடன் இன்னும் வரவில்லை.

கொல்கத்தா விஷயத்தை அம்மாவிடம் சொன்னேன். மாடு வாங்குகிறவர்களுக்கு முதல் இரண்டு மாதம் தவணை வேண்டாம் என்று அவர் கூட்டத்தில் கேட்டுப் பார்த்தார். மூன்று பேர் ஒத்துக்கொள்ளவில்லை. "அவளுக்கு விட்டா எனக்கும் விடணும், அப்ப பணம் எங்கேர்ந்து சுத்தும்?" என்றார் பொருளாளர். கையிருப்பு குறைவு, அவர் பயத்திலும் நியாயம் இருக்கிறது. தீர்மானத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அடுத்த கூட்டத்துக்குள் கையிருப்புக் கணக்கை நான் போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.