உரப்பைக்குள் இருந்த கொப்பிகள்

ஆகஸ்ட் 12

பெரியம்மா இன்று றங்குப்பெட்டியைத் திறந்து, உரப்பையில் சுற்றிய ஒரு கட்டை எடுத்து என் மடியில் வைத்தார். "உன்ர பெரியப்பா எழுதினது. நீ படிப்பிக்கிற பிள்ளை, உன்னட்டயே இருக்கட்டும்" என்றார். உள்ளே நான்கு சீ.ஆர். கொப்பிகள், கெட்டி அட்டைக் குறிப்பேடுகள். பெரியப்பா கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், எழுதுவினைஞராக இருந்த நாட்களில் அங்கிருந்த ஒரு பழைய புத்தகத்தை மதிய இடைவேளைகளில் உட்கார்ந்து ஆங்கிலத்திலேயே பார்த்தெழுதியிருக்கிறார். ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட, வவுனியா முல்லைத்தீவு மாவட்டங்களைப் பற்றிய வன்னிக் கைந்நூல் அது.

எழுத்து குண்டு குண்டாக, ஒரே அளவில் இருக்கிறது. மொத்தம் ஆறு கொப்பிகள். இரண்டு 2009இல் இறுதிப் போரின்போது மாத்தளனில் தவறிவிட்டன. மிஞ்சியவற்றின் கீழ்மூலைகளில் தண்ணீர் ஏறி, மை நீலப் புகைபோலப் பரவியிருக்கிறது. மூன்றாவது கொப்பியின் அட்டையைக் கறையான் அரித்திருந்தாலும் உள்ளே ஓர் எழுத்துக்கும் சேதமில்லை.

ஆகஸ்ட் 25

1803இல் இதே நாளில்தான் வன்னித் தலைவன் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைக் கைப்பற்றினான். பாடசாலையில் பிள்ளைகளுக்கு ஒவ்வோர் ஆண்டும் சொல்லும் கதை. இன்று வகுப்பிலிருந்து வந்ததும் கொப்பியில் அந்த இடத்தைத் தேடினேன்.

கோட்டையில் இருந்த ஆங்கிலப் படை படகேறி யாழ்ப்பாணத்துக்குப் போயிற்று. அந்தப் படைக்குத் தலைமை தாங்கிய கப்டன் வொன் டிரிபேர்க்கே ஒக்டோபர் 31இல் திரும்பிவந்து கற்சிலைமடுவில் வன்னியனைத் தோற்கடித்தான். அந்த இடத்தில் வைத்த ஆங்கிலக் கல்வெட்டை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஆனால் பெரியப்பா பக்க ஓரத்தில் பென்சிலால் தமிழில் எழுதிவைத்திருக்கும் ஒரு வரி என்னை நிறுத்திவிட்டது: "கல்லில் தோற்கடித்தான் என்றுதான் இருக்கிறது. கொன்றான் என்று இல்லை. பிள்ளைகளுக்குப் பிழையாகச் சொல்லக் கூடாது."

நான் பிழையாகத்தான் சொல்லிவந்திருக்கிறேன். நாளைக் காலை முதல் பாடவேளையில் அதைத் திருத்த வேண்டும்.

செப்டெம்பர் 6

இரண்டு கிழமையாக மாலையில் கொப்பியும் நானும் பெரியம்மாவும் முற்றத்து வேம்படியில். ஊர்ப்பெயர்கள்தான் பெரும் தொல்லை. ஆங்கில எழுத்தில் ல, ள, ழ மூன்றும் ஒன்றாகிவிடுகின்றன. முள்ளியவளை, குமுழமுனை, வற்றாப்பளை, தண்ணீரூற்று எல்லாம் நமக்குப் பழகிய பெயர்கள், தடுமாறுவதில்லை. காடு விழுங்கிவிட்ட சின்னக் குளங்களின் பெயர்கள் வரும்போது நான் மூன்று விதமாக வாசிப்பேன். பெரியம்மா மூன்றாவதைக் கேட்டதும் கையை உயர்த்துவார். "அதுதான். அங்கே எங்கட அப்புவுக்கு வயல் இருந்தது. துருசுக் கல்லுக்குப் பக்கத்தில் பெரிய மருது நிற்கும்."

ஒட்டுசுட்டானுக்கு அவர் சொல்லும் விளக்கம் கோயில் கதையோடு ஒத்துப்போகிறது. குரக்கன் அறுத்த பிறகு மிஞ்சிய ஒட்டுகளைச் சுட்டபோது இலிங்கம் வெளிப்பட்டதாம், தான்தோன்றீசுவரர். நெடுங்கேணிப் பக்கத்துக் குளவிசுட்டானைப் பற்றிக் கேட்டேன். "காடு வெட்டிச் சுடப்போனவன் குளவிக்கூட்டையும் சேர்த்துச் சுட்டிருப்பான்" என்றார். இது அவருடைய ஊகம். ஆனால் சேனை வெட்டிச் சுட்டு விதைத்த கையிலிருந்து வரும் ஊகம்.

லூயிஸ் மீது எனக்குக் கோபமும் இருக்கிறது, நன்றியும் இருக்கிறது. காய்ச்சலாலும் குளங்கள் உடைந்ததாலும் ஆளொழிந்த ஊர்களைப் பற்றி எழுதும்போதும் அவர் வரி பிரிக்கவந்த அரசின் கண்ணால்தான் பார்க்கிறார். இருந்தாலும் பார்க்கிறார். குளம், வயல், வழக்கம் என்று ஒன்றொன்றாகக் குனிந்து பார்த்து எழுதியிருக்கிறார். நம்மவர் யாரும் அன்று அப்படி எழுதிவைக்கவில்லையே என்ற ஆற்றாமை படிக்கும்போதெல்லாம் வருகிறது.

செப்டெம்பர் 21

தவணைப் பரீட்சை விடைத்தாள்கள். ஒரு பக்கமும் படிக்கவில்லை. குளத்தில் தண்ணீர் நடுமடுவில் மட்டும்.

ஒக்டோபர் 4

நான்காவது கொப்பியின் கடைசியில் வேறொரு புத்தகத்தின் பெயர். கண்டி இராச்சியத்தில் பிடிபட்டிருந்த ஆங்கில மாலுமி றொபேட் நொக்ஸ் எழுதியது, 1681. கீழே, "இதையும் படிக்க வேண்டும். அருவி ஆறு வருகிறது" என்று பெரியப்பாவின் பென்சில்.

பெரியப்பாவுக்கு அது கிடைத்ததா என்று பெரியம்மாவுக்கும் தெரியவில்லை. எனக்கு இணையத்தில் ஐந்து நிமிடத்தில் கிடைத்துவிட்டது. அது ஏனோ மனதை அறுத்தது.

பழைய அச்சில் எஸ் எழுத்து பல இடங்களில் எஃப் போல இருக்கிறது. முதல் பத்துப் பக்கம் ஊர்ந்து ஊர்ந்துதான் போனேன்.

ஒக்டோபர் 11

ஐந்து இரவுகளாக நொக்ஸ். 1660இல் திருகோணமலைப் பக்கத்துக் கொட்டியாரத்தில் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபடும்போது அவருக்குப் பத்தொன்பது வயது. கப்பல் தலைவரான தகப்பனும் கூடவே பிடிபட்டு, அடுத்த ஆண்டே காய்ச்சலில் இறந்துபோனார். கண்டி இராச்சியத்துக்குள் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல். சிறைக்கூடம் இல்லை, சங்கிலி இல்லை, ஆனால் வெளியே போக வழியில்லை. தொப்பி பின்னி விற்றுச் சீவித்தார். ஒருநாள் கிழவர் ஒருவரிடம் ஆங்கில விவிலியம் ஒன்று இருப்பது தெரியவந்து, பின்னிய தொப்பி ஒன்றைக் கொடுத்து அதை வாங்கிக்கொண்டார். அந்த இடத்தை இரண்டு தடவை படித்தேன். உரப்பைக்குள் கொப்பிகளைச் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடிய மனிதரை எனக்குத் தெரியும் அல்லவா?

1679இல் அவரும் கூடக் கைதியாக இருந்த ஸ்டீவன் ரட்லண்டும் வியாபாரிகள்போல் அநுராதபுரம் வரை வந்து, பின் ஆற்றங்கரையைப் பிடித்துக் காட்டுக்குள் இறங்குகிறார்கள். சிங்களவர் மல்வத்து ஓயா என்பதும் நாம் அருவி ஆறு என்பதும் அந்த ஆறுதான். ஆள் அரவம் கேட்டு, பொந்து விழுந்த மரத்துக்குள் சேற்றில் மணிக்கணக்காக ஒடுங்கி இருக்கிறார்கள். இடியும் மழையும். அவருக்கு இரண்டு பயம்: யானை, அடுத்தது மலபாரிகள். மலபாரிகள் என்று அவர் எழுதுவது தமிழரை. வடக்கே கொய்லற் வன்னியாவின் நாடு என்று அவர் குறிப்பிடும் தலைவனைப் பனங்காமத்துக் கைலை வன்னியனாக ஆய்வாளர்கள் அடையாளம் காண்கிறார்கள்.

அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு வெளியே வந்து நின்றேன். மரப்பொந்துக்குள் அவரோடு சேர்ந்து மூச்சை அடக்கிக்கொண்டிருந்த நான், வெளியே அவர் யாருக்குப் பயந்தாரோ அவர்களுடைய பிள்ளை.

ஆனால் மேலே படிக்கப் படிக்க வேறொன்று வந்தது. மரத்தடியில் சமைத்துக்கொண்டிருந்த இரண்டு பிராமணர்களை அவர்கள் திடீரென்று எதிர்கொள்கிறார்கள். அவர்கள் சோறு கொடுக்கிறார்கள். ஒருவர் காசும் சிவப்புத் தொப்பியும் கத்தியும் வாங்கிக்கொண்டு கொஞ்சத் தூரம் வழிகாட்டுகிறார். நொக்ஸ் அதையும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். அதனால்தான் அந்த மனிதரை என்னால் நம்ப முடிகிறது.

ஒக்டோபர் 18

நொக்ஸும் ரட்லண்டும் மன்னார்க் கரையோர ஊரான அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தது 1679ஆம் ஆண்டு ஒக்டோபர் 18. அதனால் இன்றைக்கே போக வேண்டும் என்று நினைத்தேன். அரிப்பு தொலைவு, பெரியம்மாவால் முடியாது. பஸ்ஸில் வவுனியா வந்து, அங்கிருந்து செட்டிகுளம்.

இங்கே மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமில் நாங்கள் இருந்தபோது எனக்குப் பத்து வயது. 2009. கூடாரம், தண்ணீர் வரிசை, முள்ளுக்கம்பி. இந்த ஆற்றின் தண்ணீரைத்தான் குடித்தோம், இதில்தான் குளித்தோம். முந்நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன் ஒருவர் வெளியே போகும் வழியாக இதே ஆற்றங்கரையைப் பிடித்து நடந்தார் என்று அப்போது எனக்குத் தெரியாது. பெரியப்பாவுக்குத் தெரிந்திருக்கும். மாலையில் கம்பிக்குப் பக்கத்தில் ஆற்றுப் பக்கம் பார்த்தபடி நெடுநேரம் நிற்பார். காற்று வாங்குகிறார் என்று நினைத்தோம்.

மேலே எங்கோ மழை பெய்திருக்க வேண்டும். கலங்கல் தண்ணீர் மணலை மூடி முழங்கால் அளவுக்குப் போய்க்கொண்டிருந்தது. கரையில் மருதுகள், வேர்கள் வெளியே தெரிய. ஒரு மரத்தின் அடியில் பொந்து இருந்தது. நான் குனிந்து உள்ளே கையை விட்டுப் பார்த்தேன். ஈர மண்ணும் சருகும்.

பெரியம்மா சேலையைச் சற்று உயர்த்திக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். "இந்த ஆறு எங்க போகுது பிள்ளை?" என்று கேட்டார்.

"அரிப்புக்கு, பெரியம்மா. கடலுக்கு."

"உன்ர பெரியப்பாவும் இதைத்தான் சொன்னவர்" என்றார். பிறகு குனிந்து முகத்தைக் கழுவினார்.