அம்மணியின் வீட்டுக்குள் பொடியன் வந்த கதை

கடந்த அக்டோபர் மாதக் கடைசி வாரத்தில், பாளையங்கோட்டையில் விடாமல் மழை பெய்த ஓர் இரவில், எங்கள் தெருமுனையில் நின்ற ஆட்டோவுக்கு அடியிலிருந்து ஒரு பூனைக்குட்டியை எடுத்து வந்தேன். தாய்ப்பூனை வந்து தூக்கிக்கொண்டு போய்விடும் என்று இரண்டு மணி நேரம் வாசலிலேயே நின்று பார்த்தும் அது வரவில்லை. குட்டியின் குரல் வரவரக் குறைந்துகொண்டே போனது. அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை.

எங்கள் வீட்டில் ஏற்கெனவே அம்மணி இருக்கிறாள். ஆறு வயது, மூன்று நிறப் பூனை, கருத்தடை செய்யப்பட்டவள். பக்கத்து வீட்டுப் பூனை மதில்மேல் நடந்தாலே சன்னல் கம்பிக்குள் இருந்து அடித்தொண்டையில் உறுமுகிறவள். இது தெரிந்திருந்தும், குட்டியைத் துவட்டி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நேரே அவள் முகத்துக்கு முன்னால் கொண்டுபோய்க் காட்டினேன். இவ்வளவு சின்ன உயிரைப் பார்த்தால் மனம் இளகிவிடுவாள் என்று உண்மையிலேயே நம்பினேன். அவள் சீறிக்கொண்டு ஓங்கி அறைந்த அடி குட்டியின் மேல் படாமல் என் மணிக்கட்டில் விழுந்து ஆழமாகக் கீறியது. சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவி, மறுநாள் காலையில் அரசு மருத்துவமனைக்குப் போய் வெறிநோய்த் தடுப்பூசி போடத் தொடங்கினேன். அம்மணியோ கட்டிலுக்கு அடியில் போனவள் ஒரு நாள் முழுக்க ஒரு வாய் உண்ணவில்லை. அன்றிரவு என் போர்வையில் சிறுநீர் கழித்துவிட்டாள்.

"அது வீட்டுக்கு, அதைக் கேக்காம ஒரு ஆளைக் கூட்டியாந்துட்டியேட்டி" என்றார் அம்மா. அதற்குப் பிறகு நான் செய்தவை எல்லாமே அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு செய்தவைதான்.

கால்நடை மருத்துவர் குட்டியை எடைபோட்டார். 480 கிராம், ஏறக்குறைய ஐந்து வாரம், ஆண். குடற்புழு மருந்து கொடுத்துவிட்டு, முதல் தடுப்பூசியை எட்டு வாரத்தில் போடலாம் என்றவர், 14 நாள் வரை இரண்டும் ஒன்றையொன்று தொடவே கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். பான்லூக்கோபீனியா என்னும் கொடிய தொற்றுநோய் தெருக்குட்டியிடம் வெளியே தெரியாமல் இருந்து சில நாள் கழித்து வெளிப்படலாம் என்றும், அதன் கிருமி துணியிலும் தரையிலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும் என்றும், சாதாரண சோப்பு அதற்குப் போதாது, பிளீச்சிங் கரைசல்தான் வேண்டும் என்றும் அவர் விளக்கியபோது, முந்தின இரவு நான் செய்த பிழையின் அளவு எனக்குப் புரிந்தது. அம்மணிக்குத் தடுப்பூசி தவறாமல் போட்டு வந்திருந்தது ஒன்றே ஆறுதல். அவள் உண்ணாததைப் பற்றியும் கேட்டேன். பூனை இரண்டு மூன்று நாள் தொடர்ந்து பட்டினி கிடந்தால் கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும், குட்டியைவிட முதலில் அவளைக் கவனியுங்கள் என்றார். அன்று மாலை அவித்த சாளை மீனை முள்ளெடுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்துவிட்டு நான் அறையை விட்டு வெளியேறிய பிறகுதான் அவள் உண்டாள்.

பொடியனுக்குப் பின்கட்டுச் சாமான் அறையை ஒதுக்கினோம். ஓர் அட்டைப்பெட்டி, பழைய நூல்சேலை, துணியில் சுற்றிய வெந்நீர்ப் புட்டி, மணல் நிரப்பிய தட்டு, இவ்வளவுதான். பசும்பால் கொடுத்தால் வயிற்றுப்போக்கு வரும் என்பதால் குட்டிகளுக்கான பால்மாவைக் கரைத்துக் கொடுத்தேன். ஒரு வாரத்தில் மசித்த உணவுக்கு மாறிவிட்டான். அந்த அறைக்கென்று தனியாக ஒரு நைட்டியும் செருப்பும் வைத்துக்கொண்டு, வெளியே வந்ததும் கைகால் கழுவிய பிறகே அம்மணியைத் தொட்டேன்.

பதினைந்தாம் நாள் முதல் வாடையைப் பழக்கினேன். பூனைக்குக் கண்ணைவிட மூக்குதான் ஆளை அடையாளம் சொல்கிறது. கன்னத்தை நாற்காலிக் காலிலும் கதவு விளிம்பிலும் தேய்த்து அவை இது என் இடம் என்று எழுதி வைக்கின்றன. ஆகவே ஒரு கைக்குட்டையைப் பொடியனின் கன்னத்தில் மெல்லத் தேய்த்து, அம்மணியின் தட்டுக்கு எட்டடி தள்ளிப் போட்டேன். அவள் கழுத்தை நீட்டி மோந்து பார்த்து, வெறும் துணியைப் பார்த்துச் சீறிவிட்டுப் போய்விட்டாள். நான் துணியை எடுக்கவில்லை. ஒவ்வொரு வேளையும் ஒரு சாண் அளவுக்குத் தட்டின் பக்கம் நகர்த்தினேன். அவள் உண்ணத் தயங்கினால் அடுத்த வேளை இரண்டு சாண் பின்னுக்கு இழுத்துவிடுவேன். துணிக்குப் பக்கத்திலேயே நின்று அவள் தட்டை நக்கி முடிக்க ஒன்பது நாள் ஆனது. பிறகு தினமும் ஒரு மணி நேரம் இடத்தை மாற்றிவிட்டேன்: அவள் சாமான் அறையை ஆராய்வாள், அவன் கூடத்தில் திரிவான், ஆனால் இருவரும் சந்திக்க மாட்டார்கள்.

அடுத்த கட்டத்துக்குச் சன்னலுக்கு ஒட்டும் வெல்க்ரோ கொசுவலை கைகொடுத்தது. சாமான் அறையின் நிலைக்காலில் அதை இரட்டையாக ஒட்டி, கதவை முதலில் நான்கு விரற்கடை மட்டும் திறந்து, இரு பக்கமும் தட்டு வைத்தேன். மூன்றாம் நாள் நான் தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, பொடியன் தன் தட்டை விட்டுவிட்டு வலையின் அடிவிளிம்பில் முன்னங்காலை நுழைத்தான். அவரை விதை அளவுள்ள ரோஜாநிற உள்ளங்கால் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தது. அம்மணி காதை மடக்கினாள். வால்நுனி இரண்டு முறை தரையில் அடித்தது. பிறகு காது மெல்ல நிமிர்ந்தது, மூக்கு அந்தக் காலுக்கு ஒரு விரற்கடை அருகே வந்து நின்றது, சற்று நேரத்தில் அவள் திரும்பிப் போய்த் தன் மீனைத் தொடர்ந்தாள். நான் மூச்சு விடாமல் இருந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

வலை இல்லாத முதல் சந்திப்பு ஐந்தே நிமிடம். அதற்கு முன்பு பொடியனை நன்றாக விளையாடவிட்டுக் களைக்கச் செய்திருந்தேன். அம்மணி கண் கொட்டாமல் முறைக்கத் தொடங்கினால் இருவருக்கும் நடுவில் செருக ஒரு பெரிய அட்டையைக் கையில் வைத்திருந்தேன். சீறியதற்காக அவளை ஒருபோதும் அதட்டவில்லை. சீறுவது தள்ளி நில் என்று அவள் சொல்லும் மரியாதையான சொல், அதைத் தடுத்தால் அடுத்தது அடிதான். பீரோவின் உச்சியை அவளுக்கு மட்டுமென்று ஒதுக்கி, ஏறுவதற்கு ஒரு ஸ்டூல் போட்டோம். மணல் தட்டுகளை மூன்றாக்கி மூன்று மூலைகளில் வைத்தோம். உணவும் பெயர் சொல்லி அழைப்பதும் எப்போதும் அவளுக்கே முதலில்.

எல்லாம் கூடிவந்த நேரத்தில் கார்த்திகை தீபத்தன்று தெருவில் ஒரு வெடி வெடித்தது. சன்னலோரம் இருந்த அம்மணி பயத்தில் துள்ளியவள், பக்கத்தில் நின்ற பொடியன்மேல் பாய்ந்துவிட்டாள். அவன் நின்ற இடத்திலேயே சிறுநீர் விட்டுவிட்டான். பயம் ஒன்றிடமிருந்து வர, கோபம் கைக்கெட்டிய இன்னொன்றின்மேல் இறங்குவது பூனைகளிடம் வழக்கம் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்ததால், கையை நடுவில் விடாமல் தடித்த போர்வையை வீசிப் பிரித்தேன். இரண்டு நாள் தனித்தனி அறை, பிறகு மறுபடியும் வலையிலிருந்து தொடக்கம். இந்த முறை நான்கு நாளில் பழைய நிலைக்கு வந்துவிட்டார்கள்.

இப்போது சனவரி. கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்கும் உறவு அவர்களுக்குள் இல்லை, அதை நான் எதிர்பார்க்கவும் இல்லை. அவள் பீரோமேல், அவன் கீழே நாற்காலியில்; ஒரே அறையில் இருவரும் கண்ணை மூடித் தூங்குகிறார்கள். போன வாரம் அவன் உச்சந்தலையை அவள் இரண்டு முறை நக்கிவிட்டு, உடனே காலால் தள்ளிவிட்டாள். மார்ச் மாதம் அவனுக்குக் கருத்தடை செய்ய வேண்டும். மருத்துவமனை வாடையோடு திரும்பி வரும் பூனையை, கூடவே வளர்ந்த பூனைகூட அடையாளம் தெரியாமல் அடிக்கும் என்கிறார்கள். அதனால் நிலைக்காலில் ஒட்டிய வெல்க்ரோவை நான் இன்னும் பிரித்தெடுக்கவில்லை.