இடுப்பு பர்சைட்டிஸ்: ஹோமியோபதியில் எனக்கு உதவியது எது?

இடது பக்கம் திரும்பிப் படுக்கவே முடியாது. இடுப்பின் வெளிப்பக்கம், எலும்பு துருத்திக்கொண்டிருக்கும் இடத்தில் அப்படியொரு வலி. உட்கார்ந்துவிட்டு எழுந்தால் முதல் சில அடிகள் நொண்டல்தான், கொஞ்சம் நடந்தால் இளகிவிடும். மூட்டு தேய்ந்துவிட்டது என்று வீட்டில் எல்லோருமே முடிவு கட்டிவிட்டார்கள்.

எலும்பு மருத்துவர் அப்படிச் சொல்லவில்லை. இடுப்பு மூட்டில் தேய்மானம் என்றால் வலி பெரும்பாலும் முன்பக்கம், தொடையிடுக்கில் தெரியுமாம். எனக்கு வலித்தது வெளிப்பக்கம். அந்த எலும்பை விரலால் அழுத்தியதும் துள்ளிவிட்டேன். தசைநாரும் எலும்பும் உரசிக்கொள்ளாமல் இருக்க இடையில் வழவழப்பான நீர் கொண்ட சிறு பைகள் உண்டு. பர்சா என்பது அதுதான். தோள், முழங்கை, முழங்கால், குதிகால் என்று உடம்பில் நூற்றுக்கும் மேல் இருக்கின்றன. அது வீங்கினால் பர்சைட்டிஸ். இடுப்பின் வெளிப்பக்க வலியில் பல நேரம் பர்சாவைவிட, பிட்டத் தசைகளின் நார் அந்த எலும்பில் வந்து சேரும் இடம்தான் நைந்துபோயிருக்கும் என்றும் விளக்கினார். நாற்பதைத் தாண்டிய பெண்களுக்கு இது அதிகம் வருகிறது.

வலி மாத்திரை, பிசியோதெரபி, அதற்கும் அடங்காவிட்டால் ஸ்டீராய்டு ஊசி. இதுதான் அவர் சொன்ன வரிசை. ஏற்கெனவே குடல்புண் இருந்ததால் வலி மாத்திரையை நீண்ட நாள் எடுக்க முடியாது. ஹோமியோபதி பார்க்கட்டுமா என்று அவரிடமே கேட்டேன். பாருங்கள், ஆனால் பயிற்சியை விடாதீர்கள், அந்த இடம் சிவந்து சூடாகி காய்ச்சல் வந்தால் உடனே இங்கே வாருங்கள் என்றார். அப்படி மறைக்காமல் கேட்டது பின்னால் மிகவும் உதவியது. இரண்டு பக்கமும் போகிறவர்கள் இரண்டு மருத்துவரிடமும் அதைச் சொல்லிவிடுவது நல்லது.

ஹோமியோபதி மருத்துவர் முதல் நாள் மருந்து பற்றிப் பேசவே இல்லை. கேள்விகள்தான். வலி எப்போது கூடுகிறது, எப்போது குறைகிறது? அசைந்தால் கூடுமா, அசையாமல் இருந்தால் கூடுமா? வெந்நீர் ஒத்தடம் சுகமா, குளிர்ச்சி சுகமா? மழை, ஈரக்காற்றில் எப்படி? வலிக்கிற பக்கம் அழுத்திப் படுத்தால் என்ன ஆகிறது? நிற்கும்போது எந்தக் காலில் பாரம் போடுகிறீர்கள்? இதையெல்லாம் அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. பதில் தெரியாத கேள்விகளுக்கு வீட்டில் கவனித்துக் குறித்துக்கொண்டு வரச் சொன்னார்.

அவர்கள் மருந்தைத் தேர்ந்தெடுப்பதே இந்தக் குறிகளை வைத்துத்தான். முதல் அசைவில் வலித்து, நடக்க நடக்க இளகி, ஈரத்தில் கூடினால் ரஸ் டாக்ஸ். துளி அசைந்தாலும் கூடி, அழுத்திப் பிடித்தால் குறைந்தால் பிரையோனியா. அடிபட்டது போன்ற வலிக்கு ஆர்னிகா, தசைநார்ப் பிடிப்புக்கு ரூட்டா, பளபளவென்று வீங்கிக் குளிர்ச்சியில் சுகம் கண்டால் ஏபிஸ். எனக்குக் கிடைத்தது ரஸ் டாக்ஸ், 30-ஆம் வீரியம்.

அந்த 30 என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும். மூல மருந்தை நூறில் ஒரு பங்காகக் கரைத்து, அதிலிருந்து மறுபடி நூறில் ஒரு பங்கு என்று முப்பது முறை செய்வது. பன்னிரண்டாவது முறையைத் தாண்டினாலே மூலப்பொருளின் ஒரு மூலக்கூறுகூட மிஞ்சியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஆஸ்திரேலியாவின் தேசிய சுகாதார, மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, எந்த நோய்க்கும் ஹோமியோபதி பலன் தருகிறது என்பதற்கு நம்பகமான ஆதாரம் இல்லை என்று 2015-இல் சொன்னது. இன்னொன்று என்னை அதிகம் யோசிக்க வைத்தது. இங்கிலாந்தில் முடக்குவாத நோயாளிகள் 83 பேரிடம் நடத்தி 2011-இல் வெளியான ஆய்வு அது. நோயாளிகளுக்குப் பலன் இருந்தது, ஆனால் அது மருந்தால் அல்ல, மருத்துவர் உட்கார்ந்து விரிவாகப் பேசியதால் என்பது அதன் முடிவு.

என் அனுபவமும் அதையே சொல்கிறது. அவர் கேட்டதற்காக எழுதிவைத்த குறிப்பில்தான் பிடி கிடைத்தது. கால்மேல் கால் போட்டு உட்கார்ந்த நாட்களிலும், ஒரே காலில் பாரம் போட்டுச் சாய்ந்து நின்ற நாட்களிலும் இரவு வலி கூடியிருந்தது. பிசியோதெரபிஸ்டிடம் அதைக் காட்டியதும் அவர் நேராக விஷயத்துக்கு வந்துவிட்டார். இடுப்பு ஒரு பக்கமாகச் சரியும்போது அந்த நார் எலும்போடு அழுந்துகிறது. அதனால் கால்மேல் கால் வேண்டாம், சாய்ந்து நிற்க வேண்டாம், ஒருக்களித்துப் படுத்தால் முழங்கால்களுக்கு நடுவில் தலையணை வேண்டும். அப்புறம் பிட்டத் தசைக்கு மெதுவாகப் பாரம் கூட்டும் பயிற்சிகள். இந்த வழிக்குத் தெளிவான ஆதாரம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 204 பேரிடம் நடத்தி 2018-இல் வெளியிட்ட ஆய்வில், ஸ்டீராய்டு ஊசி போட்டவர்களைவிடப் பயிற்சியும் விளக்கமும் பெற்றவர்களில் அதிகம் பேர் தேறியதாகச் சொன்னார்கள். எட்டு வாரத்திலும் அப்படித்தான், ஒரு வருடம் கழித்தும் அப்படித்தான்.

தலையணை வைத்ததும் தூக்கம் சீக்கிரமே சரியானது. படியேறும் வலி போக மாதங்கள் ஆயின. நடுவில் வலி கூடியபோது, இது மருந்து வேலை செய்வதன் அறிகுறி என்று ஹோமியோபதி மருத்துவர் சொன்னார். பிசியோதெரபிஸ்ட் பயிற்சியின் பாரத்தைக் குறைத்தார், அடங்கிவிட்டது. ஊசி தேவைப்படவில்லை.

அதே ஹோமியோபதி மருத்துவரிடம் என் உறவினர் ஒருவர் முழங்கை நுனியில் வீக்கத்தோடு போனார். தொட்டால் சூடு, சிவப்பு, லேசான காய்ச்சல். அவர் உருண்டை தரவில்லை. இது கிருமித் தொற்றாக இருக்கலாம், இன்றே மருத்துவமனைக்குப் போங்கள் என்று அனுப்பிவிட்டார். அங்கே ஊசியால் நீர் எடுத்துப் பரிசோதித்தார்கள், சீழ் இருந்தது, அன்றே ஆன்டிபயாடிக் தொடங்கினார்கள்.