ஆளுக்கு ஆள் மாறும் வலி

திருநெல்வேலி மாவட்டத்து முக்கூடலில் பகல் முழுவதும் பீடித்தட்டை மடியில் வைத்துக் குனிந்திருக்கும் பெண்கள் மாத்திரைகளைக் கொண்டே முதுகுவலியைச் சமாளிப்பதைப் பார்த்து வளர்ந்தவன் என்பதால், 2023இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு என்னை மிகவும் ஈர்த்தது. நாட்பட்ட நரம்புவலி கொண்ட நால்வரின் மூளையில் மின்முனைகளைப் பொருத்தி, அவர்கள் வீட்டில் இருந்தபடியே தம் வலிக்கு நாள்தோறும் பலமுறை மதிப்பெண் இட, அதே வேளையின் மூளைச் சமிக்ஞைகளையும் மாதக்கணக்கில் பதிவுசெய்தனர். அந்தப் பதிவுகளிலிருந்து வலியின் கடுமையை, தரவுகளிலிருந்து தானே கற்கும் கணினி முறையான இயந்திரக் கற்றல் கணித்தது. ஆனால் ஒருவருடைய சமிக்ஞை வடிவம் மற்றவருடையதைப் போல் இல்லை. வலியைத் தணிக்க மூளைக்கோ நரம்புக்கோ மின்துடிப்பு தரும் மின்தூண்டல் சிகிச்சையில், எல்லோருக்கும் ஒரே அளவு பொருந்தாது என்று நான் கருதுவதற்கு இதுவே காரணம்.

1967 முதல் மனிதர்களுக்குப் பொருத்தப்பட்டுவரும், தண்டுவடத்துக்கு மின்துடிப்பு தந்து வலியைத் தணிக்கும் தண்டுவடத் தூண்டல் கருவியிலும், உடல் குனிந்து நிமிரும்போது மின்முனைக்கும் தண்டுவடத்துக்கும் உள்ள இடைவெளி மாறுவதால், தூண்டலின் வலுவும் மாறிவிடுகிறது. நரம்பின் மறுமொழியை அளந்து மின்துடிப்பை உடனுக்குடன் திருத்திக்கொள்ளும் கருவிகள் இப்போது வந்துவிட்டன. திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வரும் ஏழை நோயாளிகளுக்கும் அவை எட்ட வேண்டுமானால், பல லட்சம் ரூபாய் என்ற விலை முதலில் இறங்க வேண்டும்.