பக்கத்து வீட்டுப் பச்சைச் சுவர்

புது ஸ்டூடியோவின் சாவி கைக்கு வந்து 24 நாள் ஆகிறது. முதல் 17 நாள் ஒரு கோடு கூடப் போடவில்லை. சாமான் அடுக்கினேன், சுவருக்குச் சாயம் அடித்தேன், ஓவியத்தை நிறுத்தி வைக்கிற முக்காலியான ஈசலை இங்கும் அங்குமாக நகர்த்திக்கொண்டே இருந்தேன். வரையாமல் இருப்பதற்குச் சாக்கு என்று யாராவது நினைக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு அறையில் வெளிச்சம் எப்படி நுழைகிறது, எங்கே பட்டுத் திரும்புகிறது, எந்த நேரத்தில் எந்த மூலை இருட்டுகிறது என்று தெரியாமல் அங்கே நிறம் கலக்க முடியாது. அது எவ்வளவு உண்மை என்பது இந்த மாதம்தான் எனக்கே முழுசாகப் புரிந்தது.

பழைய இடம் பத்துக்குப் பத்து அறை. 11 வருடம் அதில்தான் வரைந்தேன். ஒரே ஜன்னல். ஜன்னலுக்கு ஆறடி தள்ளிப் பக்கத்து வீட்டின் பக்கவாட்டுச் சுவர், நல்ல இலைப் பச்சை. வானம் தெரியவே தெரியாது. அந்தச் சுவரில் பட்டு வருவதுதான் வெளிச்சம். இது ஒரு குறையாக அப்போது எனக்குத் தெரிந்ததே இல்லை.

புது அறை பதினாலுக்குப் பதினெட்டு. உயரமான கூரை, வடக்குப் பக்கம் தலைக்கு மேலே ஆரம்பிக்கிற பெரிய ஜன்னல். பார்த்த அன்றே மனசுக்குள் முடிவு செய்துவிட்டேன். வடக்கு ஜன்னல் மேல் ஓவியர்களுக்கு இவ்வளவு ஆசை ஏன் என்றால், அதில் வருவது சூரியன் இல்லை, வானம். நிழல்கள் நகராமல் மணிக்கணக்காக நிற்கும். டாவின்சி தன் குறிப்பேடுகளில் இதை எழுதி வைத்திருக்கிறார்: வெளிச்சம் வடக்கிலிருந்து வரட்டும், அது மாறாது; தெற்கிலிருந்துதான் வருகிறது என்றால் ஜன்னலுக்குத் துணி கட்டிக்கொள் என்று. ஆனால் அவர் இருந்தது கடக ரேகைக்கு ரொம்ப வடக்கே. பூமத்திய ரேகைக்கும் கடக ரேகைக்கும் நடுவில் இருக்கிற அறைகளில், வருடத்தின் நடுவில் கொஞ்ச காலம் உச்சிச் சூரியனே வடக்குப் பக்கமாகப் போகும். வடக்கு ஜன்னலிலும் வெயில் விழும். அதனால் அந்த மாதங்களுக்கென்று மெல்லிய வெள்ளைப் பருத்தித் துணி ஒன்றைச் சட்டத்தில் இழுத்துக் கட்டித் தயாராக வைத்திருக்கிறேன்.

ஈசல் விஷயம் சீக்கிரம் முடிந்தது. வலது கைக்காரிக்கு வெளிச்சம் இடது பக்கமிருந்து வர வேண்டும், இல்லையென்றால் பிரஷ் படுகிற இடத்திலேயே கையின் நிழல் விழும். கான்வாஸின் தலைப்பக்கத்தை இரண்டு விரல் முன்னால் சாய்த்தால் ஈர எண்ணெயின் பளபளப்புப் போய்விடும். எண்ணெய் துடைத்த துணிகளுக்கு மூடி போட்ட தகர டப்பா, உள்ளே தண்ணீர். இதில் மட்டும் நான் கறார். ஆளி விதை எண்ணெய் காய்வது ஆவியாகி இல்லை. காற்றிலிருக்கும் ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகித்தான் காய்கிறது. அப்போது சூடு வெளியாகும். கசக்கிக் குவித்து வைத்த துணியில் அந்தச் சூடு வெளியேற வழி இல்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். எண்ணெய்ச் சாயத்தை இளக்குகிற டர்பன்டைனின் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோரமாகத் தேங்கும். அதனால் காற்றை வெளியே தள்ளும் விசிறியைக் கீழே, முழங்கால் உயரத்தில் பொருத்தச் சொன்னேன். பொருத்த வந்தவர் இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டார்.

பின்வாங்கிப் பார்க்க இடம் கிடைத்ததுதான் பெரிய சந்தோஷம். பழைய அறையில் நாலு எட்டு வைத்தால் முதுகு சுவரில் இடிக்கும். அதனால் ஒரு கண்ணாடியை எதிர்ச் சுவரில் மாட்டி, ஓவியத்தை அதில் பார்ப்பேன். தூரம் இரட்டிப்பாகும், இடம் வலமாகும், கோணலாகப் போன தோள்பட்டை உடனே காட்டிக்கொடுத்துவிடும். இதையும் டாவின்சி சொல்லியிருக்கிறார். இப்போது பதினைந்து அடி நடந்து போய்த் திரும்பிப் பார்க்கிறேன். ஆனாலும் கண்ணாடியை விடவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

இடம் மாறுவது தள்ளித் தள்ளிப் போனதால் பழைய ஓவியங்கள் 14 இரண்டு மாதமாகத் துணி சுற்றி இருட்டில் கிடந்தன. பிரித்துச் சுவரோரமாக வரிசையாகச் சாய்த்து வைத்தேன். உதவிக்கு வந்திருந்த என் தங்கை மகள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "எல்லாருமே வெயில்ல நின்னுட்டு வந்த மாதிரி இருக்காங்க பெரியம்மா."

நான் வரைவது பெரும்பாலும் மனிதர்கள்தான். காத்திருப்பவர்கள், தூங்கி விழுபவர்கள், ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர்கள். வெளியே பென்சிலில் குறித்துக்கொண்டு வந்து, நிறத்தை அறையில் நினைவிலிருந்து போடுவேன். அவள் சொன்னதும்தான் பார்த்தேன். நிஜமாகவே எல்லா முகத்திலும் ஒரு செம்மை. முகம் மட்டும் இல்லை. சாம்பல் சுவர், வெள்ளைச் சட்டையின் நிழல், சிமென்ட் தரை என நான் நிறமே இல்லாமல் விட்டதாக நினைத்திருந்த இடமெல்லாம் லேசாகச் சிவந்திருந்தது.

முதலில் இருட்டைத்தான் சந்தேகப்பட்டேன். ஆளி விதை எண்ணெய் இருட்டில் இருந்தால் மஞ்சளடிக்கும், வெளிச்சத்தில் வைத்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். அதனால் நேர் வெயில் படாமல் ஜன்னல் வெளிச்சத்தில் பத்து நாள் வைத்தேன். வெள்ளைகள் தெளிந்தன. சிவப்பு அப்படியே நின்றது. அப்புறம் விளக்கைச் சந்தேகப்பட்டேன். ஆனால் இங்கே போட்டிருப்பது பகல் வெளிச்சம் போன்ற 5000 கெல்வின் விளக்கு, நிறங்களை உள்ளது உள்ளபடி காட்டும் அளவு நூற்றுக்கு 95க்கு மேல். பகலிலும் இரவிலும் சிவப்பு இருந்தது. சுவரும் காரணம் இல்லை, அதற்கு நானே நடுச்சாம்பல் அடித்திருந்தேன்.

அந்தச் சாம்பலை அடிக்கும்போதெல்லாம் மனதில் இருந்தவர் ஷெவ்ரல். பிரான்சின் கோப்லான் நெசவுக்கூடத்தில் சாயங்களுக்குப் பொறுப்பாக இருந்த வேதியியலாளர். அங்கே நெய்த துணிகளில் கறுப்புச் சாயம் வெளுத்துத் தெரிகிறது என்று புகார் வந்தது. அவர் ஆராய்ந்து பார்த்தபோது சாயத்தில் கோளாறே இல்லை. பக்கத்தில் நெய்திருந்த நீலமும் ஊதாவும்தான் கறுப்பை அப்படிக் காட்டின. 1839இல் அதைப் பெரிய புத்தகமாகவே வெளியிட்டார். ஒரு நிறத்துக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதை இத்தனை வருடமாகப் படத்துக்குள்ளே பார்த்துப் பார்த்துச் செய்தவள் நான். ஜன்னலுக்கு வெளியே பார்க்கவில்லை.

பழைய அறையை மாதக் கடைசியில்தான் ஒப்படைக்க வேண்டியிருந்தது. சின்ன ஓவியம் ஒன்றை எடுத்துக்கொண்டு, நான் வழக்கமாக வரைகிற காலை நேரத்துக்குப் போனேன். ஈசல் இருந்த இடத்தில் தரையில் மூன்று கால் தடம் அப்படியே இருந்தது. அங்கே நின்று படத்தைப் பிடித்தேன். சிவப்பு போய்விட்டது. சுவர் சாம்பலாக இருந்தது, சட்டையின் நிழல் நிழலாக இருந்தது. ஜன்னல் பக்கம் திரும்பினால் அந்தப் பச்சைச் சுவர், முழு வெயிலில்.

11 வருடமாக அறைக்குள் வந்தது பச்சை வெளிச்சம். கண் பழகிக்கொண்டது, ஆனால் முழுசாகப் பழகவில்லை. நான் கலந்த ஒவ்வொரு சாம்பலும் அந்த வெளிச்சத்தில் கொஞ்சம் பச்சையாகத் தெரிந்திருக்கிறது. அதைச் சரிக்கட்ட ஒவ்வொரு முறையும் பிரஷ் நுனியில் துளி சிவப்பைத் தொட்டிருக்கிறேன். ஆயிரக்கணக்கான தடவை. அது என் கை, என் ருசி என்றே நம்பிக்கொண்டிருந்தேன். உங்கள் படங்களில் ஒரு கதகதப்பு இருக்கிறது என்று பலர் சொல்லியிருக்கிறார்கள்.

அன்றைக்கு வருத்தமாக இருந்தது, மறைக்க மாட்டேன். வெறும் அறையில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். அப்போது ஓவியர் பிரான்சிஸ் பேகன் நினைவுக்கு வந்தார். லண்டனில் தேம்ஸ் நதிக்கரையில் ஒரு வீடு வாங்கினார், ஆனால் அங்கே அவரால் வரைய முடியவில்லை. நதியில் பட்டு ஆடிக்கொண்டே இருந்த வெளிச்சம் விடவில்லை. அதே லண்டனில், 1961இல் குடியேறிய ரீஸ் மியூஸ் சந்தின் சின்ன அறைக்கே திரும்பிவிட்டார், 1992இல் இறக்கும்வரை அதில்தான் வேலை. பிறகு அந்த அறையைச் சுவர், கதவு, தரையின் தூசி உட்பட 7000க்கும் மேற்பட்ட பொருட்களோடு டப்ளினில் உள்ள ஹ்யூ லேன் காட்சிக்கூடத்துக்குக் கொண்டுபோய் அப்படியே மறுபடி அமைத்தார்கள். வெளிச்சத்தை மட்டும் எப்படிக் கொண்டுபோயிருக்க முடியும் என்று யோசித்தபடி இருந்தேன்.

பழைய படங்களைத் திருத்தப் போவதில்லை. தோழி ஒருத்தி, சாம்பல் பகுதிகள் மேல் மெல்லிய பச்சைப் பூச்சு ஒன்று கொடுத்தால் சரியாகிவிடுமே என்றாள். ஆகும்தான். ஆனால் அவர்கள் அந்த ஜன்னலோரம் உட்கார்ந்தவர்கள். நான் அவர்களை அப்படித்தான் பார்த்தேன்.

புது அறையில் முதல் சாம்பல் கலந்தது 18ஆம் நாள். அல்ட்ராமரைன் நீலம், பர்ன்ட் அம்பர் என்கிற பழுப்பு, டைட்டானியம் வெள்ளை. கத்தியால் புரட்டி முடித்ததும், கை தானாகச் சிவப்பை நோக்கிப் போனது. நிறுத்தினேன். நிறம் கலக்கும் தட்டான பேலட்டில் இருந்தது ஏற்கெனவே சாம்பல்தான், எதுவும் சேர்க்கத் தேவையே இல்லை. பத்து நிமிடம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அது குளிர்ந்துபோன நிறமாகத் தெரிந்தது. இப்போது சிவப்பைப் பேலட்டின் எதிர் முனைக்கு மாற்றி வைத்திருக்கிறேன். எடுக்க வேண்டுமானால் கை நீள வேண்டும், நீளும்போது நான் கவனிப்பேன்.

சாவியை ஒப்படைக்கிற நாளன்று ஒரு சின்னப் பலகையும் நாலு டியூப்பும் எடுத்துக்கொண்டு பழைய அறைக்குப் போனேன். ஜன்னலில் நின்று அந்தச் சுவரின் பச்சையைக் கலந்து பலகையில் பட்டையாக இழுத்தேன். யெல்லோ ஓக்கர் என்கிற மண் மஞ்சள் நான் நினைத்ததைவிட அதிகமாகத் தேவைப்பட்டது. கீழே மழை ஈரம் ஏறிய இடத்தில் கறுத்திருந்தது, நடுவில் ஒரு பழைய ஆணி, அதற்குக் கீழே துருவின் கோடு. இத்தனை வருடம் தினமும் எதிரில் இருந்தும் ஒரு தடவை கூட நான் வரையாத சுவர்.

அந்தப் பலகையைப் பார்த்துத்தான் இங்கே முதல் ஓவியம் நடக்கிறது. மூன்றடிக்கு நாலடி. மனிதர்கள் யாரும் இல்லை, சுவர் மட்டும். ஆணியின் நிழலை நேற்று சாயங்காலம் போட்டேன். இன்று காலை விரலால் தொட்டுப் பார்த்தேன், இன்னும் ஈரம்.