ஷ்கோடரில் ஒரு மெழுகுவர்த்தி

"இங்கேதான் நாங்கள் வாலிபால் ஆடினோம்."

அல்பேனியாவின் ஷ்கோடர் நகரில், பேராலயத்தின் தரையைக் காட்டிச் சொன்னார் ஒரு பெரியவர். கூட வந்த பேத்தி ஆங்கிலத்தில் சொன்னதால்தான் எனக்குப் புரிந்தது.

1967-ல் கம்யூனிஸ்ட் தலைவர் என்வர் ஹோஜாவின் ஆட்சி அல்பேனியாவில் எல்லா மசூதிகளையும் தேவாலயங்களையும் மூடியது. இந்தப் பேராலயம் விளையாட்டு அரங்கமானது. வீட்டுக்குள் ரகசியமாக ஜெபித்தால்கூட சிறைதான். 1990 நவம்பரில் இதே ஊரின் கல்லறைத் தோட்டத்தில் மறுபடி திருப்பலி நடந்தபோது ஆயிரக்கணக்கில் திரண்டார்கள். அன்று இந்தப் பெரியவர் போகவில்லையாம். பயம்.

நீங்கள் கத்தோலிக்கரா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்று உடனே தோன்றியது.

அப்பா முஸ்லிம், அம்மா கத்தோலிக்கர், தனக்கு எதிலும் நம்பிக்கை இல்லை என்றார். அதைச் சொல்லும்போது குரலில் வீம்பும் இல்லை, கூச்சமும் இல்லை.

2023 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தங்களை முஸ்லிம் என்றவர்கள் சுமார் 46 சதவீதம், 2011-ல் அது 57. கடவுள் உண்டு, ஆனால் எந்த மதமும் வேண்டாம் என்றவர்களே ஏறக்குறைய 14 சதவீதம். நாத்திகர் என்று பதிந்தவர்கள் நான்கு சதவீதத்துக்கும் குறைவு. இவரை எந்தக் கட்டத்தில் சேர்ப்பது? எனக்குத் தெரியவில்லை, தெரிய வேண்டும் என்றும் தோன்றவில்லை.

அப்புறம் ஏன் வந்தீர்கள் என்றேன்.

கையில் இருந்த மெழுகுவர்த்தியைக் காட்டினார். மனைவிக்கு நம்பிக்கை இருந்ததாம். இன்று அவருடைய நினைவு நாள்.

காற்றில் திரி இரண்டு முறை அணைந்தது. மூன்றாவது முறை பேத்தி கையைக் குவித்து மறைத்துக்கொண்டாள்.